தலைமைப் பயிற்சி முடிந்தது, திங்கட்கிழமை காலை 6 மணிக்கு என்ன செய்வது? (கடலூர் – புதுச்சேரி விவாத இழை)

பயிற்சி_ஒருங்கிணைப்பு, கடலூர்
செவ்வாய், இரவு 8.40

வணக்கம். கடலூர் சிப்காட், புதுச்சேரி மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு பக்கம் ஷிப்ட் சூப்பர்வைசர்களுக்குத் தலைமைப் பயிற்சி நடத்துபவர்களும் அதற்குப் போய் வந்தவர்களும் பேச வேண்டிய விஷயம் இது. இரண்டு நாள் வகுப்பில் காது கொடுத்துக் கேட்பது, பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது, தட்டிக்கொடுப்பது என்று எல்லாம் சொல்லித் தருகிறார்கள். கடைசியில் கருத்துப் படிவம், குரூப் போட்டோ. மூன்றாம் நாள் காலை லைனில் கேட்பது பழைய குரல்தான்.

ஒரு நிலைமையை வைத்துப் பேசுவோம். குடிகாடு பக்கம் ஒரு நடுத்தர ரசாயன ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் 6–2, 2–10, 10–6. ஷிப்டுக்கு நான்கு சூப்பர்வைசர்கள். ஒவ்வொருவர் கீழும் 12 முதல் 15 பேர், அதில் பாதி காண்ட்ராக்ட், அவர்களில் சிலருக்குத் தமிழ் தெரியாது. சூப்பர்வைசருக்கு வயது 27, டிப்ளமோ. ஆபரேட்டருக்கு 50, அதே பம்பை இருபது வருடமாகப் பார்ப்பவர். பயிற்சி முடிந்துவிட்டது. திங்கட்கிழமை எதை, எத்தனை மணிக்கு, என்ன வார்த்தையில் செய்ய வேண்டும்? எங்கே சொதப்பும்? அதை மட்டும் எழுதுங்கள்.

கெடிலக்கரை
செவ்வாய், இரவு 9.25

முதல் தவறு வகுப்பறையிலேயே நடந்துவிடுகிறது. கடைசி அரை மணியில் "இனி என்ன மாற்றப் போகிறீர்கள்?" என்று கேட்டால் ஆளுக்கு எட்டு வரி எழுதுவார்கள். எட்டும் பெயர்ச்சொல்லாக இருக்கும்: பொறுமை, ஒற்றுமை, ஊக்கம். பெயர்ச்சொல்லை யாராலும் திங்கட்கிழமை செய்ய முடியாது. ஒரே ஒரு வினைச்சொல் வேண்டும். தள்ளி நின்று பார்க்கிற மூன்றாவது ஆள் கண்ணில் படுகிற வினையாக அது இருக்க வேண்டும்.

"நன்றாகக் கேட்பேன்" கண்ணில் படாது. "ஆபரேட்டர் பிரச்சினை சொல்ல வந்தால் போனைப் பாக்கெட்டில் வைப்பேன், அவர் முடித்ததும் சொன்னதை ஒரு வரியில் திருப்பிச் சொல்வேன்" என்றால் படும்.

அந்த வினையை ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போட வேண்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் இதை ஆராய்ந்தார். "செய்வேன்" என்று மட்டும் நினைப்பவர்களைவிட, "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று நேரத்தையும் இடத்தையும் சேர்த்து முடிவு செய்பவர்கள்தான் அதிகம் செய்து முடிக்கிறார்கள். நம் ஊர் ஆலைக்கு அது இப்படி இருக்கலாம்: "லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டதும், பேனாவை மூடும் முன்னால், வீட்டுக்குக் கிளம்புகிற ஆபரேட்டரிடம் 'எதுண்ணே உங்களுக்கு உறுத்தலா இருக்கு?' என்று கேட்பேன்." கையெழுத்து எப்படியும் தினமும் நடக்கும். கேள்வியும் அதோடு வந்துவிடும்.

நான்கு வாரத்துக்கு இந்த ஒன்று மட்டும். இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டாம் வாரம் ஒரு பிரேக்டவுன் வரும், அன்றைக்கு இரண்டுமே போய்விடும்.

பழைய_ஃபிட்டர்
செவ்வாய், இரவு 9.50

பிரேக்டவுன் நாளில் பேனாவை மூடுகிற நேரம் எங்கே இருக்கிறது? அன்றைக்குத்தானே தலைமை தேவை?

கெடிலக்கரை
செவ்வாய், இரவு 10.05

சரியான கேள்வி. அதனால் எந்தப் பழக்கத்துக்கும் ஒரு குறுகிய வடிவத்தை முன்பே எழுதி வைக்க வேண்டும். நல்ல நாளில் மூன்று நிமிடம், மோசமான நாளில் முப்பது நொடி. முழுதாக விட்டுவிடுவதுதான் கூடாது. மேலே சொன்ன கேள்வியின் முப்பது நொடி வடிவம்: "இப்போ லைன்ல யார் கை இருக்கு?" அவ்வளவே.

வில்லியனூர்க்காரர்
புதன், காலை 6.15

ஷிப்ட் தொடக்கக் கூட்டத்தைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். தலைமையின் எல்லாப் பாடமும் நடைமுறைக்கு வருகிற இடம் அதுதான், எல்லாம் கெட்டுப்போகிற இடமும் அதுதான்.

நேரம்: பத்து நிமிடம். 6.00க்கு வைக்காதீர்கள். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், சிதம்பரம் பக்கமிருந்து வருகிற கம்பெனி பஸ் கேட்டில் நின்று, ஆட்கள் பஞ்ச் பண்ணி, ஹெல்மெட் எடுத்து வர ஐந்து நிமிடம் ஆகும். 6.05 என்று வைத்து 6.05க்கே தொடங்குங்கள். இருவர் வராவிட்டாலும் தொடங்குங்கள். காத்திருந்தால், நேரத்துக்கு வந்த பத்துப் பேருக்குத்தான் தண்டனை. முந்தின ஷிப்ட் 6.15 வரை லைனைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும். அதை நிர்வாகம் எழுத்தில் கொடுக்காவிட்டால் இந்தக் கூட்டம் ஒரு வாரம் தாங்காது.

இடம்: கம்ப்ரசர், புளோயர் பக்கம் வேண்டாம். 85 டெசிபலைத் தாண்டினால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரிடமே குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கும். பின்வரிசைக்காரர் தலையாட்டுவார், காதில் விழுந்திருக்காது. போர்டு முன்னால் அரைவட்டமாக நிற்கட்டும், எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். சூப்பர்வைசர் மேடை மேலோ படி மேலோ ஏறி நிற்கக் கூடாது.

நிமிடக் கணக்கு: யார் வந்திருக்கிறார்கள், யாருக்காவது உடம்பு சரியில்லையா, யார் டபுள் ஷிப்ட் பார்த்துவிட்டு நிற்கிறார் என்பதற்கு 1 நிமிடம். நேற்றைய லாக்கிலிருந்து ஒரே ஒரு பாதுகாப்பு விஷயத்துக்கு 2. நேற்றைய உற்பத்தி, ரிஜெக்ஷன், நின்ற நேரம் என்ற மூன்று எண்ணுக்கு 1. இன்றைய வேலைப் பங்கீட்டுக்கு 2. மீதி 4 நிமிடம் அவர்கள் பேச. இந்த 4 நிமிடத்தைத்தான் முதலில் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஒரு ஆபரேட்டரை ஓரமாக நிற்க வைத்து, சூப்பர்வைசர் பேசிய நேரத்தையும் மற்றவர்கள் பேசிய நேரத்தையும் போன் ஸ்டாப்வாட்சில் எடுக்கச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் ஒன்பதுக்கு ஒன்று என்று வந்தால் பதற வேண்டாம். நான்காம் வாரத்தில் ஆறுக்கு நான்கு வந்தால் போதும்.

"ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்ற கேள்வியைத் தூக்கி எறியுங்கள். அதற்கு யாரும் பதில் சொன்னதில்லை. "இன்னிக்கு எந்த இடத்துல நின்னுடும்னு நெனைக்கிறீங்க?" என்று ஒருவரைப் பார்த்து, அண்ணே என்றோ தம்பி என்றோ கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு ஏழு நொடி வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். ஏழு நொடி மௌனம் 27 வயதுக்காரருக்கு ஏழு நிமிடமாகத் தெரியும். அதைத் தாங்கப் பழகுவதே ஒரு பயிற்சி. பெரும்பாலும் ஐந்தாவது நொடியில் யாராவது வாயைத் திறப்பார்கள்.

சொன்னதைப் போர்டில் அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். பக்கத்தில் யார் பார்ப்பது, எந்த நாளுக்குள். மறுநாள் அதே வரியிலிருந்து தொடங்க வேண்டும். "ஆகவில்லை, ஸ்பேர் இன்னும் வரவில்லை" என்று சொன்னாலும் சரி. பதிலே சொல்லாமல் மூன்று நாள் விட்டால் நான்காம் நாள் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பிறகு அந்தக் கூட்டத்தை மீட்பது மிகவும் கஷ்டம்.

பாகூர்_ஏரி
புதன், காலை 7.30

தமிழ் தெரியாதவர்கள் பற்றி ஒரு சேர்க்கை. மொழிபெயர்க்க ஒருவரை நிறுத்தினால் பத்து நிமிடம் இருபதாகிவிடும். அந்த 2 நிமிடப் பாதுகாப்பு விஷயத்தை வாயால் சொல்லாமல் பொருளைக் கையில் பிடித்துக் காட்டுங்கள். கிழிந்த கையுறை, தேய்ந்த ஸ்லிங், 'ஆள் வேலை செய்கிறார்' என்ற எச்சரிக்கை டேக் இல்லாத வால்வின் போட்டோ. காட்டிய பிறகு அவர்களில் ஒருவரை நல்ல கையுறையையும் கெட்டதையும் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். கை பிரித்து வைத்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். தலையாட்டலை நம்பக் கூடாது, அது தமிழ் தெரிந்தவர்களுக்கும் பொருந்தும்.

பழைய_ஃபிட்டர்
புதன், மதியம் 1.20

கூட்டம் சரி. ஆனால் சூப்பர்வைசர் மேல் மரியாதை வருவது வேலை சொல்லித்தரும் விதத்தில்தான். இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1940இல் போர்க்காலத் தொழிற்சாலைகளுக்காகத் தொடங்கி 1945 வரை நடந்த தொழிலகப் பயிற்சித் திட்டம் ஒன்று உண்டு. போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவில் வேர்விட்டது அதுதான். அதன் அமைப்பைக் கவனியுங்கள்: ஒரு பாடத்துக்குப் பத்தே மணி நேரம், இரண்டு மணி வீதம் ஐந்து அமர்வு, பத்துப் பேர். ஒவ்வொருவரும் தன் லைனிலிருந்து நிஜ வேலை ஒன்றைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் சொல்லித்தந்து காட்ட வேண்டும். உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போக வழியே இல்லை. நம் இரண்டு நாள் வகுப்பையும் ஐந்து செவ்வாய்க்கிழமை, இரண்டு இரண்டு மணி நேரம் என்று உடைத்துப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். நடுவில் உள்ள ஆறு நாளில் லைனில் செய்து பார்த்துவிட்டு வரலாம்.

சொல்லித்தருவதற்கு நான்கு படி: ஆளைத் தயார் செய், செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், பின்தொடர்ந்து பார். எல்லோரும் இதை ஒப்பிப்பார்கள். செய்யும்போது எப்படி இருக்கும் என்று இரண்டு குழாயை இணைக்கும் எட்டு போல்ட் ஃபிளாஞ்ச் ஒன்றை வைத்துக் காட்டுகிறேன்.

முன் தயாரிப்பு: ஒரு தாளில் மூன்று கட்டம் கிழித்து, படி, கவனிக்க வேண்டியது, ஏன் என்று எழுதுங்கள். முதல் தடவை அரை மணி ஆகும்.

படி ஒன்று, முகத்தைச் சுத்தம் செய்தல். கவனிக்க வேண்டியது: பித்தளைச் சுரண்டி. ஏன்: இரும்புச் சுரண்டி கீறல் போடும், கீறல் வழியாகக் கசியும். படி இரண்டு, புது கேஸ்கட்டை (கசிவை அடைக்கும் வளையம்) நடுவில் உட்கார வைத்தல். கவனிக்க வேண்டியது: பழையதைத் திரும்பப் போடாதே. ஏன்: ஒருமுறை அமுங்கிய கேஸ்கட் மறுபடி அமுங்காது. படி மூன்று, போல்ட் மரையில் எண்ணெய் தடவிக் கையால் முறுக்குதல். ஏன்: காய்ந்த மரையில், முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சு காட்டுகிற எண் உராய்வுக்கே போய்விடும், இறுக்கம் வராது. படி நான்கு, குறுக்கும் நெடுக்குமாக இறுக்குதல். வட்டமாக 1 முதல் 8 வரை எண் போட்டால் வரிசை 1, 5, 3, 7, 2, 6, 4, 8. முதல் சுற்றில் குறித்த டார்க்கில் 30 சதவீதம், அடுத்து 60, அடுத்து 100, கடைசியாக ஒரு சுற்று வட்டமாகப் போய்ச் சரிபார்ப்பு. ஏன்: ஒரு பக்கம் முதலில் இறுக்கினால் கேஸ்கட் அந்தப் பக்கம் நசுங்கி எதிர்ப்பக்கம் தூக்கிக்கொள்ளும். பிரஷர் ஏறும்போது அங்கேதான் பீய்ச்சும்.

முதல் தடவை படியை மட்டும் சொல்லிக்கொண்டே செய்து காட்டுங்கள். இரண்டாம் தடவை படியோடு கவனிக்க வேண்டியதையும், மூன்றாம் தடவை ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு அவர் கையில் ரெஞ்சைக் கொடுங்கள். முதலில் பேசாமல் செய்யட்டும், தப்பு வந்தால் உடனே நிறுத்திச் சரிசெய்யுங்கள். அடுத்து அவர் படியைச் சொல்லிக்கொண்டு, அடுத்து கவனிக்க வேண்டியதைச் சொல்லிக்கொண்டு, கடைசியில் ஏன் என்பதையும் சொல்லிக்கொண்டு செய்யட்டும். ரெஞ்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றும். வாங்கினால் பாடம் போச்சு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் உலகம் முழுக்க ஒரே பதில்: "புரிஞ்சுது சார்." அதற்குப் பதில் "முதல்ல எதுல கை வைக்கப் போறீங்க?" என்று கேளுங்கள். பதில் வந்தால் போகலாம். வராவிட்டால் சொல்லித்தந்தவர் இன்னும் சொல்லித்தரவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்.

பயிற்சி_ஒருங்கிணைப்பு
புதன், மாலை 5.45

மிகவும் நன்றி. அந்த 50 வயது ஆபரேட்டர் விஷயத்துக்கு வாருங்கள். தப்பைச் சுட்டிக்காட்டும்போதுதான் அதிகம் உடைகிறது. வகுப்பில் "சூழல், செயல், விளைவு" என்று மூன்று சொல் தருகிறார்கள். லைனில் அது "யோவ், கண்ணு தெரியலையா?" என்று ஆகிவிடுகிறது.

கணக்குநோட்டு
புதன், இரவு 8.10

தம்பி, அந்த மூன்று சொல்லும் பேச்சுத் தமிழில் வராமல் இருப்பதுதான் காரணம். வகுப்பில் எழுத்துத் தமிழிலோ இங்கிலீஷிலோ பழகிவிட்டு வந்தால் கோபத்தில் நாக்குக்கு அது கிடைக்காது. பேசுகிற மொழியிலேயே வாக்கியத்தை எழுதி, ஐந்து தடவை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். இப்படி:

"அண்ணே, இன்னிக்குக் காலையில வால்வுல டேக் போடாம ஃபில்டரைக் கழட்டினீங்க. கண்ட்ரோல் ரூம்ல இருக்கிறவருக்கு லைன்ல ஆள் இருக்குன்னு தெரியாது. பம்ப் போட்டிருந்தா உங்க மூஞ்சில அடிச்சிருக்கும். என்ன ஆச்சுண்ணே?"

முதல் வரியில் எப்போது, எங்கே. அதே வரியில் கண்ணால் கண்டது. பிறகு விளைவு. கடைசியில் கேள்வி. "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்ற சொல் வந்துவிட்டால் மற்ற மூன்றும் செத்துப்போகும். இதை நான்கு பேர் நடுவில் சொல்லாதீர்கள். அன்றைக்கே சொல்லுங்கள், தனியாகச் சொல்லுங்கள், நீங்களும் நின்றுகொண்டு சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, பெரியவரை நிற்க வைத்துச் சொன்னால் வார்த்தை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவமானம்தான் நினைவில் நிற்கும். உயிருக்கு ஆபத்தான வேலை கண்ணெதிரே நடந்தால் மட்டும் எல்லோர் முன்னாலும் "நிறுத்துங்க!" என்று கத்தலாம். கத்தியதற்கான காரணத்தைப் பிறகு தனியாகச் சொல்ல வேண்டும்.

பாராட்டுக்கும் இதே அச்சுதான். "சூப்பர்ண்ணே" என்பது காற்றில் போய்விடும். "பேரிங் சத்தம் மாறுனதைக் கேட்டு மெயின்டனன்ஸுக்குச் சொன்னீங்க, லைன் நிக்கல" என்று சொன்னால் எதை மறுபடி செய்ய வேண்டும் என்பது அவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும்.

ஆலையை விட்டு வெளியே வந்து ஒரு விஷயம். மகளிர் சுய உதவிக் குழுக்களில் தலைமைப் பயிற்சி நிறைய நடக்கிறது. பொறுப்பைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்பது குழுவை வழிநடத்தும் எல்லா ஊக்குநருக்கும் தெரியும். ஆனால் பல குழுக்களில் ஒரே ஊக்குநர் வருடக் கணக்கில் தொடர்கிறார். பதவி ஆசை என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் காரணம் நோட்டுதான். தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் எழுத அவருக்கு மட்டுமே தெரியும். தேர்தல் வைத்துப் புதியவரைப் போட்டாலும் நோட்டு பழையவர் வீட்டுக்கே போகும்.

இதை மூன்று மாதத்தில் மாற்றலாம். முதல் மாதம் புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஊக்குநர் எழுதுவதை ஒரு தாளில் தானும் எழுதுகிறார். இரண்டாம் மாதம் புதியவர் எழுதுகிறார், ஊக்குநர் பார்க்கிறார். மூன்றாம் மாதம் புதியவர் தனியாக. ஊக்குநர் அன்றைக்குக் கணக்கில் கைவைக்காமல் உறுப்பினராக மட்டும் உட்கார வேண்டும். பணத்தை இரண்டு பேர் தனித்தனியாக உரக்க எண்ணி, தொகையை எல்லோருக்கும் படித்துக் காட்டி, கலைவதற்கு முன் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். "வீட்டுக்குப் போய் எழுதிக்கிறேன்" என்று சொன்ன வாரத்தில்தான் சந்தேகம் முளைக்கும். மூன்றாம் மாதம் பத்து ரூபாய் இடித்தால் நோட்டைப் பிடுங்காதீர்கள். எங்கே இடிக்கிறது என்று அவரையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

சோனாங்குப்பம்_கரை
புதன், இரவு 9.40

அக்கா சொன்ன நோட்டு விஷயம் கரையோரப் பேரிடர்க் குழுக்களுக்கும் அப்படியே பொருந்தும். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் கரையோர ஊர்களில் எச்சரிக்கை, மீட்பு, முதலுதவி, முகாம் என்று குழு பிரித்துப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி நல்லதுதான். ஆனால் "புயல் வந்தால் ஒருங்கிணைந்து செயல்படுவோம்" என்ற வரியை வைத்துக்கொண்டு யாரும் படகை இழுக்க முடியாது.

கெடிலக்கரை சொன்ன "இது நடந்ததும் இது" என்பதற்கு நம்மிடம் தயாராக ஒரு தூண்டுதல் இருக்கிறது: துறைமுகப் புயல் எச்சரிக்கைக் கூண்டு. 1, 2 தொலைதூர எச்சரிக்கை. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே யார், என்ன, எத்தனை மணிக்குள் என்று எழுதி ஊர்ப் பொது இடத்தில் ஒட்டலாம்.

1 ஏறியதும்: போன் பட்டியலில் உள்ள எல்லா எண்ணுக்கும் ஒருமுறை அடித்துப் பார்ப்பது. ஜெனரேட்டரை லோடு போட்டு 15 நிமிடம் ஓட்டுவது. ஸ்டார்ட் ஆகிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்தினால் போதாது, விளக்கும் மோட்டாரும் போட்ட பிறகுதான் கோளாறு தெரியும். பாதுகாப்பு மையத்தின் சாவி இரண்டு பேரிடம் இருக்கிறதா, பூட்டு திறக்கிறதா என்று போய்த் திறந்து பார்ப்பது. உப்புக் காற்றில் பூட்டு துருப்பிடித்துக் கிடப்பது அந்த ராத்திரிதான் தெரியவரக் கூடாது. 3 ஏறியதும்: இன்ஜினைக் கழற்றி மேட்டுக்கு, வலையைக் கட்டி உள்ளே, நடக்க முடியாதவர்கள் வீட்டுப் பட்டியலை எடுத்து யார் யாரைத் தூக்குவது என்று மறுபடி உறுதி செய்வது. 11 ஏறினால் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் பலகையில் எழுதியபடி நடப்பது. தலைவர் கையில் போன் வேலை செய்யாத நேரத்தில் ஊர் என்ன செய்யும் என்பதில்தான் அவர் முன்பு செய்த வேலை தெரியும்.

தென்பெண்ணை_வடகரை
புதன், இரவு 10.20

கூண்டை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ஃபெஞ்சல் புயல் 30 நவம்பர் 2024 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூர் வரை வந்தது. அப்போது புயல் போய்விட்டது, கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேலை முடிந்த மாதிரி. கடலிலிருந்து வரும் ஆபத்துக்குக் கூண்டு, ஆற்றிலிருந்து வரும் ஆபத்துக்கு அணைத் திறப்பு அறிவிப்பு. பலகையில் இரண்டு பத்தி வேண்டும். மேலே மழை பெய்து எத்தனை மணி நேரத்தில் நம் ஊர்ப் பாலத்துக்குத் தண்ணீர் வருகிறது என்பதைப் நீர்வளத் துறை ஆட்களிடம் கேட்டு இரண்டாவது பத்தியின் தலையில் எழுதுங்கள். தூண்டுதல் தப்பாக இருந்தால் எவ்வளவு நல்ல பழக்கமும் தப்பான நேரத்தில்தான் வேலை செய்யும்.

சோனாங்குப்பம்_கரை
புதன், இரவு 10.35

ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பத்தியும் வேண்டும்.

இந்த மாதிரித் திருத்தம் வெளியே வர, ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒத்திகைக்கும் பிறகு 48 மணி நேரத்துக்குள் அரை மணி உட்கார வேண்டும். அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் 1970களில் உருவான முறை, நான்கே கேள்வி. என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்: 5 நிமிடம். என்ன நடந்தது: 5. ஏன் வித்தியாசம்: 12. அடுத்த முறை என்ன: 8. நடத்துபவர் குழுத் தலைவராக இருக்கக் கூடாது. தலைவர் கடைசியாகத்தான் பேச வேண்டும், அவர் முதலில் காரணம் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதற்கு ஆமாம் போடுவார்கள். மூன்றாம் கேள்வியில் ஆள் பெயர் வந்தால் நடத்துபவர் உடனே "எது இல்லாததால அப்படி ஆச்சு?" என்று திருப்ப வேண்டும். சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை என்பது ஆள் குற்றம். சாவி ஒன்றுதான் இருந்தது என்பது சரிசெய்யக் கூடியது.

எதிர்ப்பக்கம்
வியாழன், காலை 9.00

எல்லாம் சரி, ஆனால் ஒன்றை யாரும் தொடவில்லை. சூப்பர்வைசர் 10 நிமிடக் கூட்டம் போடுவார். பிளான்ட் மேனேஜர் வந்து "கூட்டம் போட்டு நேரத்தை வீணாக்காதீங்க, டிஸ்பாட்ச் என்னாச்சு?" என்பார். அன்றோடு முடிந்தது. மேலே இருப்பவர் மாறாமல் கீழே இருப்பவருக்குப் பயிற்சி கொடுப்பது அவரை இரண்டு பக்கமும் அடிவாங்க வைப்பதுதான். இன்னொன்று, ஸ்டாப்வாட்ச், போர்டு, தாள் என்று போனால் கடைசியில் தாள் மட்டும் நிரம்பும். ஷிப்ட் முடிகிற நேரத்தில் இருபது டிக் மொத்தமாக விழும்.

வில்லியனூர்க்காரர்
வியாழன், காலை 9.45

இரண்டுமே உண்மை. முதலாவதுக்கு: பயிற்சிக்கு ஆள் அனுப்பும் முன் மேனேஜரிடம் அவருக்கும் ஒரு வினை வாங்கிக்கொள்ள வேண்டும். செவ்வாய், வெள்ளி 6.05க்குக் கூட்டத்தின் பின்னால் வந்து நிற்பார், பேச மாட்டார். முடிந்த பிறகு சூப்பர்வைசரைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டே கேள்வி: "இன்னிக்கு எதைச் செஞ்சு பார்த்தீங்க? நான் எதை நகர்த்தித் தரணும்?" இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில் ஒன்றையாவது அந்த வாரத்துக்குள் நகர்த்திக் காட்ட வேண்டும். ஸ்டோரில் முடங்கிய ஒரு பம்ப் சீல் போதும். அவர் நடுவில் புகுந்து பேசினால் எல்லோர் கண்ணும் அவர் பக்கம் திரும்பிவிடும், சூப்பர்வைசர் மறுபடி வெறும் தபால்காரர் ஆகிவிடுவார். மேனேஜர் இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பேட்சைத் தள்ளிப்போடுங்கள். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

இரண்டாவதுக்கு: செய்தவரே டிக் போடும் தாளை அளவாக எடுக்கவே கூடாது. டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959இல் எழுதிய நான்கு நிலை உங்களுக்குத் தெரியும்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, பலன் வந்ததா. கருத்துப் படிவம் முதல் நிலை, அதோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாம் நிலையை அளக்க எளிய வழி, 6.30க்கு லைனில் மூன்று பேரைத் தனித்தனியாக நிறுத்தி "இன்னிக்கு உங்க வேலையில எதைப் பார்த்துக்கணும்?" என்று கேட்பது. மூவரும் ஒரே விஷயத்தைச் சொன்னால் கூட்டம் வேலை செய்கிறது. மூன்று விதமாகச் சொன்னால் போர்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. வாரத்துக்கு ஒரு தடவை, நாள் சொல்லாமல் போய்க் கேளுங்கள். இதை மார்க் ஆக்கி நோட்டீஸ் போர்டில் போட்டால் அடுத்த வாரமே மூன்று பேருக்கும் பதிலை மனப்பாடம் செய்து கொடுத்துவிடுவார்கள்.

பயிற்சி_ஒருங்கிணைப்பு
வியாழன், இரவு 7.30

எல்லோர் சொன்னதையும் சேர்த்து ஒரு வரைவு போட்டிருக்கிறேன். ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள்.

வாரம் 0: மேனேஜரின் வினை எழுத்தில். 6.15 வரை பழைய ஷிப்ட் லைனைப் பார்க்கும் என்ற உத்தரவு.
வாரம் 1–4: ஷிப்ட் தொடக்கக் கூட்டம் மட்டும். 6.05, 2.05, 10.05.
வாரம் 5–8: வேலை சொல்லித்தருதல். சூப்பர்வைசர் ஒருவருக்கு வாரம் ஒரு வேலை, ஒரு தாள்.
வாரம் 9–12: தனியாகச் சுட்டிக்காட்டுதல், பாராட்டுதல். வாரத்துக்கு இரண்டு.
வகுப்பு: ஐந்து செவ்வாய், இரண்டு மணி.
வாரம் ஒரு நாள், மூன்று பேர் கேள்வி.

பழைய_ஃபிட்டர்
வியாழன், இரவு 8.15

வகுப்பு ஐந்தும் முதல் ஐந்து வாரத்திலேயே முடிந்துவிடுகிறது. வாரம் 9இல் சுட்டிக்காட்டத் தொடங்கும்போது அதைப் படித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். வகுப்பை 1, 3, 5, 7, 9 ஆம் வாரங்களில் போடுங்கள். சொல்லித்தருவதற்கான பாடம் 5ஆம் வாரத்தில், சுட்டிக்காட்டுவது 9இல். படித்த மறுநாள் கை வைக்க வேண்டும்.

கணக்குநோட்டு
வியாழன், இரவு 8.50

ஒரு சூப்பர்வைசர் லீவு போட்டால் கூட்டத்தை யார் நடத்துவது? அது வரைவில் இல்லை. மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு நாள் ஒரு ஆபரேட்டர் நடத்தட்டும், சூப்பர்வைசர் அரைவட்டத்தில் நிற்கட்டும். அந்த 50 வயது அண்ணனிடமிருந்தே தொடங்குங்கள்.

எதிர்ப்பக்கம்
வியாழன், இரவு 9.30

நைட் ஷிப்ட். மேனேஜர் வர மாட்டார், மூன்று பேர் கேள்வி கேட்க ஆள் இருக்காது. 10.05க்கு எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள், அதிகாலை 3 மணிக்கு மேல்தான் கண் சொருகும், தப்பும் அப்போதுதான் நடக்கும். காலை ஷிப்டுக்குப் போட்ட திட்டத்தை அப்படியே இரவுக்கு ஒட்டாதீர்கள்.

வில்லியனூர்க்காரர்
வியாழன், இரவு 9.50

ஆமாம். இரவுக்குக் கூட்டத்தை இரண்டாக உடையுங்கள். 10.05க்கு ஆறு நிமிடம்: ஆள், பாதுகாப்பு, பங்கீடு. 2.45க்கு டீ வரும் நேரத்தில் லைன் பக்கத்திலேயே நான்கு நிமிடம், இரண்டு பேட்சாக, பேனலில் ஆள் இல்லாமல் போகாதபடி. அப்போது ஒரே கேள்வி: "காலையில ஆறு மணிக்கு எதை ஒப்படைக்கப் போறோம்?" மேனேஜருக்குப் பதில், மாதம் இரண்டு இரவு ஷிப்ட் இன்ஜினியர் 2.45க்கு வந்து பின்னால் நிற்கட்டும். மூன்று பேர் கேள்வியை காலை 5.45க்கு, கிளம்பும் முன், வரும் ஷிப்ட் சூப்பர்வைசர் கேட்கலாம்.

பயிற்சி_ஒருங்கிணைப்பு
வியாழன், இரவு 10.10

வகுப்பு வாரங்களையும் இரவு வரியையும் மாற்றிவிட்டேன். லீவு நாளுக்கு ஆபரேட்டர் நடத்துவதையும் மூன்றாம் வாரத்தில் சேர்த்தாயிற்று. மேனேஜரின் கையெழுத்துக்கான கட்டம் தாளின் முதல் வரியில் இருக்கிறது, அது நிரம்பாமல் மற்ற வரிகளுக்குத் தேதி போடப் போவதில்லை.